யானை வாங்கியாச்சு, அங்குசம்?
(ஸ்போர்ட்ஸ் காருக்குக் கட்டுப்படியான மாற்று டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?)

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் ஹாஸ்டல் ரூமுக்கு வந்து நின்றார். "கவிதை எழுத நம்ம காலேஜ்ல நூறு பேர் இருக்காங்க. நீ டிபார்ட்மென்ட் சம்பந்தமா உருப்படியா ஏதாவது எழுதுடா" என்றார். எதை எழுதுவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில், தீபாவளி லீவில் ஊருக்கு வந்திருந்த நம் சீனியர் அண்ணன் ஒருவரைச் சந்தித்தேன். நாம் உட்கார்ந்திருக்கும் இதே பெஞ்சில் உட்கார்ந்து டிப்ளமோ முடித்தவர். ஏழு வருடமாக ஷார்ஜாவில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறார். தன் பெயரையும் கடையின் பெயரையும் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் சொன்ன விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கு விதை.

"தம்பி, ஒரு டயரைக் கையில குடுத்தா முதல்ல எதைப் பார்ப்ப?" என்று கேட்டார்.

"பட்டன் இருக்கான்னு பார்ப்பேண்ணே."

"நானும் அப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தன் கை உடைஞ்ச பிறகுதான் புத்தி வந்துச்சு."

நடந்தது இதுதான். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பழைய மஸ்டா எம்.எக்ஸ்.-5 காரை ஆசை ஆசையாக வாங்கியிருக்கிறான். கையில் இருந்த காசெல்லாம் காருக்கே போய்விட்டது. பின் டயர் இரண்டும் வழுக்கை. "பாய், குறைஞ்ச விலைல ரெண்டு டயர் மட்டும் போட்டுக் குடுங்க" என்று வந்து நின்றான். கடையில் ஒரு ஜோடி பழைய டயர் கிடந்தது. பட்டன் நன்றாக ஆழமாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருந்த தேதிக் குறியீட்டின்படி அதற்கு வயசு பதினொன்று. அண்ணன் அதைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். பையன் மட்டும் பார்க்கவில்லை. முதலாளி தலையாட்ட, அண்ணன் மாட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்த சீசனின் முதல் மழை. ரவுண்டானாவில் திரும்பும்போது கார் பின்பக்கம் வழுக்கி, பம்பரம் மாதிரி சுற்றி, ஓரக் கல்லில் போய் மோதியது. வலது மணிக்கட்டு முறிந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம்.

"அவன் கட்டோட கடைக்கு வந்தான். என்னைத் திட்டுவான்னு நினைச்சேன். திட்டல. 'பட்டன் நல்லாத்தானே இருந்துச்சு, பாய்?'ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பதில் சொல்ல முடியல, தம்பி."

நண்பர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் நம் பாடப் புத்தகத்திலேயே சிதறிக் கிடக்கிறது. அதைப் பொறுக்கி ஒரே இடத்தில் வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஸ்போர்ட்ஸ் கார் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாளைக்கு எங்கேயோ ஒரு கவுண்டரில், கையில் ஜாக்கியோடு நிற்கப் போவது நாம்தான். அதுவுமில்லாமல், இங்கே சொல்லும் கணக்கு டி.வி.எஸ்.-50-க்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கார்

அந்தப் பையன் வைத்திருந்த காரையே எடுத்துக்கொள்வோம். மஸ்டா எம்.எக்ஸ்.-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமானது. இரண்டே சீட், திறந்த கூரை, முன்னால் இன்ஜின், பின்னால் டிரைவ். முதல் மாடலில் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின். எடை சுமார் 950 கிலோதான். பெரிய பவர் கிடையாது. எடைக் குறைவும் வளைவில் சொன்ன பேச்சு கேட்பதும்தான் இதன் பெருமை. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது.

பழைய எம்.எக்ஸ்.-5 மலிவாகக் கிடைப்பதால் உலகம் பூராவும் சம்பளக்காரப் பையன்கள் இதைத்தான் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு முதலில் வரும் பெரிய செலவு டயர். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை ஆரம்பமாவது இங்கேதான்.

உள்ளங்கை அளவு ரப்பர்

கார் ரோட்டைத் தொடும் இடம் எவ்வளவு என்று யோசித்திருக்கிறீர்களா? வாருங்கள், கணக்குப் போடுவோம்.

கார் 950 கிலோ, டிரைவர் 70 கிலோ. மொத்தம் 1,020 கிலோ. நான்கால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 255 கிலோ. இந்தக் காருக்குக் கம்பெனி சொன்ன காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.83 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 140 சதுர சென்டிமீட்டர். டயரின் சுவர் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். இருந்தாலும், 12 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர்! நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு.

இன்ஜின் என்ன பவர் கொடுத்தாலும், பிரேக் எவ்வளவு பெரிசாக இருந்தாலும், ஸ்டீயரிங் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கடைசியில் எல்லாம் இந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் ரோட்டுக்குப் போயாக வேண்டும். அந்த உள்ளங்கை காய்ந்து கட்டையாகிப் போயிருந்தால் மற்றதெல்லாம் வீண்.

டயரின் ஜாதகம்

டயரின் பக்கச் சுவரிலேயே அதன் ஜாதகம் எழுதியிருக்கும். முதல் எம்.எக்ஸ்.-5-க்குக் கம்பெனி போட்ட அளவு: 185/60 ஆர் 14 82 எச். பிரித்துப் பார்ப்போம்.

185 – டயரின் அகலம், மில்லிமீட்டரில்.

60 – பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம். அதாவது 111 மி.மீ.

ஆர் – ரேடியல்.

14 – ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது 355.6 மி.மீ.

82 – சுமைக் குறியீடு. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும்.

எச் – வேகக் குறியீடு. எஸ் என்றால் 180, டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 கி.மீ. வேகம் வரை. (வைவாவில் கேட்கலாம், கவனம்: அகரவரிசையை மீறி 'எச்' மட்டும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.)

மாற்று டயர் போடும்போது சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. மேலே போகலாம். "நான் 120-க்கு மேல போறதே இல்லையே, எனக்கு எதுக்கு எச்?" என்று சிலர் கேட்பார்கள். வேகக் குறியீடு என்பது வெறும் வேகத்தைப் பற்றியதல்ல. டயர் சூட்டைத் தாங்கும் சக்தியையும் அது காட்டுகிறது. வளைகுடா நாட்டு வெயிலில், தார் ரோடு அடுப்பு மாதிரி கொதிக்கும் இடத்தில், இது சின்ன விஷயமா?

இனி முக்கியமானது. டி.ஓ.டி. என்று தொடங்கும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 3512 என்றிருந்தால் 2012-ஆம் ஆண்டின் 35-வது வாரம். 2000-த்துக்கு முன்பு மூன்று இலக்கம்தான் இருந்தது; அப்படி ஒரு டயரைக் கண்டால் விலை கேட்காமலே நகர்ந்துவிடலாம். இந்தத் தேதி டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுசாக அச்சாகியிருக்கலாம். அது உட்புறமாக மாட்டியிருந்தால் குனிந்து, டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். குனியச் சோம்பல் படாதீர்கள்.

பட்டன் இருந்தும் ஏன் வழுக்கியது?

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

டயர் ரப்பருக்குப் பிடிப்பு எப்படி வருகிறது? ரோட்டின் மேடு பள்ளத்துக்குள் ரப்பர் நெகிழ்ந்து இறங்கி, அதன் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. இறங்க வேண்டுமென்றால் ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். ஆக்சிஜன், வெயில், சூடு, ஓசோன் எல்லாம் வருடக்கணக்கில் ரப்பரைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. கார் ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி. ரப்பர் இறுகுகிறது, சுவரில் மயிரிழை வெடிப்புகள் வருகின்றன. பட்டனின் ஆழம் மட்டும் அப்படியே இருக்கும். பட்டன் தண்ணீரை ஒதுக்குகிற வாய்க்கால். பிடிப்பு ரப்பரின் மென்மையில் இருக்கிறது. வாய்க்கால் இருந்து என்ன பயன், வயல் பாறையாகிவிட்டால்?

ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த ஆபத்து அதிகம். காரணம், இவை வார இறுதியில் மட்டும் வெளியே வரும் வண்டிகள். கிலோமீட்டர் ஏறாது, பட்டன் தேயாது, வயசு மட்டும் ஏறும். 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜி.டி. கார் விபத்துக்குள்ளாகி, அவரும் காரை ஓட்டிய நண்பரும் இறந்தது நமக்குத் தெரியும். 2014 மார்ச்சில் விசாரணை முடிவு வந்தது. அளவுக்கு மீறிய வேகம்தான் காரணம் என்று சொன்ன அதிகாரிகள், டயர்களுக்கு ஒன்பது வயசு ஆகியிருந்ததையும் குறிப்பிட்டார்கள். அது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்றார்கள். அவ்வளவு விலை உயர்ந்த காரிலேயே இந்த நிலைமை.

பல கார் கம்பெனிகள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகள், எப்படியிருந்தாலும் பத்து வருடத்தைத் தாண்டாதே என்கின்றன. வெயில் ஊரில் ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. முன் டயர் சுமாராக இருந்தது, பின் டயர் கட்டையாக இருந்தது. முன் டயர் முதலில் வழுக்கினால் கார் வளையாமல் நேராகப் போகும்; காலை எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் முதலில் வழுக்கினால் கார் சுற்றிவிடும். சாதாரண டிரைவரால் அதைப் பிடிக்க முடியாது. அதனால்தான், இரண்டு டயர் மட்டும் புதிசாக வாங்க முடிந்தால் அதைப் பின்னால் போடு, பின்னால் இருந்த நல்ல ஜோடியை முன்னால் போடு என்கிறார்கள். முன்சக்கர டிரைவ் காருக்கும் இதே விதிதான்.

14 மீட்டரின் விலை

"டயர்ல என்னங்க பெரிய வித்தியாசம் வந்துடப் போகுது?" என்பார்கள். ஃபிசிக்ஸ் பதில் சொல்லட்டும்.

நிறுத்தும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × 9.81).

வேகம் 80 கி.மீ.; அதாவது வினாடிக்கு 22.2 மீட்டர். ஈர ரோட்டில் நல்ல டயருக்கு உராய்வுக் குணகம் 0.7 என்றும், இறுகிப்போன டயருக்கு 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் கார் நிற்க 36 மீட்டர். இரண்டாவது கார் நிற்க 50 மீட்டர். வித்தியாசம் 14 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளம்.

இதைவிடப் பயங்கரமான கணக்கு ஒன்று உண்டு. முதல் கார் முழுசாக நின்றுவிட்ட அந்த 36-வது மீட்டரில், இரண்டாவது கார் எந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? போட்டுப் பாருங்கள்: சுமார் 43 கி.மீ. முதல் டிரைவர் "அப்பாடா" என்று மூச்சு விடும் இடத்தில், இரண்டாவது டிரைவர் 43 கி.மீ. வேகத்தில் மோதுகிறார். டயரில் மிச்சம் பிடித்த காசு இதற்குக் காணுமா?

காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

உடனே "அப்போ உயர்ந்த விலை டயர்தான் வாங்கணுமா?" என்று கேட்காதீர்கள். கையில் காசில்லாதவனிடம் போய் அதிக விலை டயரை வாங்கு என்பது அறிவுரையே அல்ல. மிச்சம் பிடிக்கும் இடம் வேறே இருக்கிறது.

முதல் இடம், ஆயுள். அமெரிக்காவில் விற்கும் டயர்களில் தேய்மான எண் ஒன்று இருக்கும். 100 என்பது அளவுகோல் டயர். 400 என்றால் சோதனைச் சாலையில் அதைப்போல் நான்கு மடங்கு தாங்கும் என்று அர்த்தம். எண் ஏற ஏற ரப்பர் பொதுவாகக் கடினம். இறங்க இறங்க மென்மை. 200 அளவில் இருப்பவை போட்டிக்குப் போகிறவர்கள் விரும்பும் டயர்கள். இந்த எண்ணைக் கம்பெனியே போட்டுக்கொள்வதால், ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட நம்பலாம். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக நம்ப முடியாது. பக்கத்திலேயே ஈரப் பிடிப்புக்கு ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு தரமும், சூடு தாங்க ஏ, பி, சி என்று ஒரு தரமும் இருக்கும். ஈரப் பிடிப்புத் தரம் நேர்கோட்டில் பிரேக் போட்டுப் பார்த்தது; வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இப்போது ஒரு கணக்கு. விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

அ டயர்: 200 திர்ஹம், 70,000 கி.மீ. தாங்கும். கடின ரப்பர்.
ஆ டயர்: 300 திர்ஹம், 30,000 கி.மீ. தாங்கும். மென் ரப்பர்.

தினமும் ஓடும் காருக்கு, 10,000 கி.மீ.க்கு அ டயர் செலவு சுமார் 29 திர்ஹம். ஆ டயர் 100 திர்ஹம். அ தான் லாபம், சந்தேகமே இல்லை.

ஆனால் வருடத்துக்கு 5,000 கி.மீ. ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு? ஐந்து வருடத்தில் 25,000 கி.மீ.தான் ஓடும். அதற்குள் வயசு முடிந்துவிடும். அ டயரின் மீதி 45,000 கி.மீ. குப்பைக்குத்தான் போகிறது. உபயோகிக்கவே முடியாத ஆயுளுக்கு எதற்காகப் பிடிப்பை விட்டுக்கொடுக்க வேண்டும்? வருடக் கணக்கில் அ டயர் 40 திர்ஹம், ஆ டயர் 60 திர்ஹம். நாலு டயருக்கும் சேர்த்து வருடத்துக்கு 80 திர்ஹம் வித்தியாசம். மாதத்துக்கு ஏழு திர்ஹம்கூட வராது. "ஒரு ஷவர்மா காசு, தம்பி" என்றார் அண்ணன்.

ஆகவே முதல் பாடம்: வாடிக்கையாளரிடம் "எவ்வளவு விலைல வேணும்?" என்று கேட்பதற்கு முன் "வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?" என்று கேளுங்கள்.

இரண்டாவது இடம், பருவம். அமெரிக்காவிலிருந்து வரும் கார்களில் பெரும்பாலும் எல்லாப் பருவத்துக்குமான டயர் இருக்கும். சுவரில் எம்+எஸ் என்று போட்டிருக்கும். சேறும் பனியும் சமாளிக்கும் என்று அர்த்தம். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிப்பதால் குளிர் நாட்டில் அந்த டயர் தேவை. பனியே பார்க்காத ஷார்ஜாவில் அந்தக் குணத்துக்குக் காசு கொடுப்பானேன்? அதே விலையில் கோடை டயர் வாங்கினால் சூட்டிலும் மழையிலும் பிடிப்பு கூடுதல்.

மூன்றாவது இடம், பெயர். பெரிய கம்பெனிகளுக்குத் தம்பிப் பெயர்கள் உண்டு. மிஷ்லினுக்கு பி.எஃப். குட்ரிச், பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஃபயர்ஸ்டோன், கான்டினென்டலுக்கு செம்பெரிட், பாரும், ஹன்கூக்குக்கு லாஃபென். பெரும்பாலும் விலை ஒரு படி குறைவு. பின்னால் இருக்கும் ஆராய்ச்சிக்கூடம் பெரிசு. நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது: சென்னை அருகே ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ, 2009-ல் நெதர்லாந்தின் விரெடெஸ்டைன் கம்பெனியை வாங்கியது. பழைய கார்களுக்கான டயர்களுக்குப் பெயர் போன கம்பெனி அது.

நான்காவது இடம், சுழற்சி. எம்.எக்ஸ்.-5-இல் நான்கு சக்கரமும் ஒரே அளவு. பின் டயர்களை நேராக முன்னுக்கும், முன் டயர்களைக் குறுக்காகப் பின்னுக்கும் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் நாலும் சமமாகத் தேயும். (சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி போட்ட டயராக இருந்தால், அதே பக்கத்திலேயே முன்பின் மட்டும் மாற்றலாம்.) 1990-இல் வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். மாதிரி கார்களில் முன்னால் 15 அங்குலம், பின்னால் 16 அங்குலம். அங்கே முன்பின் மாற்றவே முடியாது. இரண்டாம் கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகும் நண்பனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அளவை மாற்றலாமா?

14 அங்குலத்தில் ஸ்போர்ட்ஸ் வகை டயர்கள் அரிதாகிவிட்டன. 2017-இல் மஸ்டா கம்பெனி ஜப்பானில் முதல் எம்.எக்ஸ்.-5 கார்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்தபோது, அந்தக் காலத்து எஸ்.எஃப்.-325 டயரை 185/60 ஆர் 14 அளவில் பிரிட்ஜ்ஸ்டோன் மறுபடியும் தயாரிக்க வேண்டியிருந்தது. 15 அங்குலத்திலோ தேர்வு அதிகம். ஆகவே பலர் 15 அங்குல ரிம்முக்கு மாறுகிறார்கள். மாறும்போது வெளி விட்டம் மாறக் கூடாது. கணக்கைப் பாருங்கள்.

185/60 ஆர் 14: 355.6 + (2 × 111) = 577.6 மி.மீ.
195/50 ஆர் 15: 381 + (2 × 97.5) = 576 மி.மீ. வித்தியாசம் 0.3 சதவீதம். அருமை!
205/50 ஆர் 15: 381 + (2 × 102.5) = 586 மி.மீ. 1.5 சதவீதம் கூடுதல். பரவாயில்லை.
195/55 ஆர் 15: 381 + (2 × 107.25) = 595.5 மி.மீ. 3.1 சதவீதம் கூடுதல். வேண்டாம்.

விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், கியர் விகிதம் மாறும், வளைவில் மட்கார்டில் உரசும். இரண்டாவது தலைமுறை எம்.எக்ஸ்.-5-க்குக் கம்பெனியே 195/50 ஆர் 15 போட்டது என்பது நம் கணக்கு சரி என்பதற்குச் சாட்சி. ரிம் வாங்கும்போது நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 54.1 மி.மீ. என்று பொருந்துகிறதா பாருங்கள். ஆனால் ரிம் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துத்தான் இது மலிவா என்று முடிவு கட்ட வேண்டும்.

"அகலமா போட்டா ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. எடை குறைந்த காருக்கு அளவுக்கு மீறி அகலமான டயர் போட்டால், தேங்கிய தண்ணீரில் சீக்கிரமே மிதந்துவிடும். மிதக்கும் வேகத்துக்கு விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் கண்ட ஒரு சூத்திரம் உண்டு. தண்ணீரை ஒதுக்கப் பட்டன் இல்லாத டயருக்கு அதன்படி 26 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சுமார் 85 கி.மீ. வேகத்திலேயே டயர் ரோட்டை விட்டு எழும்பிவிடும். நெடுஞ்சாலை வேகம்கூட இல்லை, பார்த்தீர்களா?

பழைய டயர் மலிவா?

புது டயரின் பட்டன் 8 மி.மீ. சட்டப்படி 1.6 மி.மீ. வரைதான் ஓட்டலாம். ஆக, உபயோகம் 6.4 மி.மீ. பழைய டயரில் 4 மி.மீ. இருந்தால் உபயோகம் 2.4 மி.மீ.; அதாவது 37.5 சதவீதம். புது டயர் விலையில் 37.5 சதவீதத்துக்கு மேல் கொடுத்தாலே நஷ்டம். இதில் மாட்டுக் கூலி, பேலன்சிங் இரண்டு தரம் ஆகும். வயசு, உள் காயம், பஞ்சர் ஒட்டிய இடம் எதுவும் கணக்கில் வரவில்லை. 3 மி.மீ.க்குக் கீழே வந்தாலே மழையில் பிடிப்பு வேகமாகக் குறையும். மலிவு என்று நினைப்பதுதான் இங்கே அதிக விலை.

கடைக்குப் போகும் முன்

1. வருடத்துக்கு எத்தனை கி.மீ.? மழையா, வெயிலா, பனியா?
2. அளவு, சுமை, வேகக் குறியீடு – கம்பெனி சொன்னதற்குக் குறையாமல்.
3. தேதி எண் – புது டயரானாலும் பார். கடையில் இரண்டு மூன்று வருடம் தூங்கியதாக இருக்கலாம்.
4. நாலும் ஒரே ரகம். முடியாவிட்டால் ஒரு ஆக்ஸிலுக்கு ஒரே ஜோடி. நல்ல ஜோடி பின்னால்.
5. மாட்டியதும் வீல் அலைன்மென்ட், பேலன்சிங். அலைன்மென்ட் தப்பினால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும்.
6. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார். மாதம் ஒருமுறை. இதற்குக் காசே கிடையாது.

முடிவாக

"அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்ணே?" என்று கேட்டேன்.

"கை சரியாச்சு. காரையும் சரி பண்ணினான். நாலு டயருக்கும் கையில காசில்ல. மூணு மாசம் பொறுத்துக்கோ, வண்டிய எடுக்காதன்னு சொன்னேன். பொறுத்தான். நடுத்தர விலைல நாலு கோடை டயர், எல்லாம் அந்த வருஷத்துத் தேதி. கூலி நான் வாங்கிக்கல." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "முதலாளி தலையாட்டினார்னு இப்ப சொல்றேன். ஆனா ஸ்பானர் என் கைலதான இருந்துச்சு?" என்றார்.

தோழர்களே, டிப்ளமோ நமக்குத் தருவது வேலை மட்டுமல்ல. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அந்த நாலு இலக்கத்தைப் படிக்கும் கண்ணையும் தருகிறது. படித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால், படிக்காதவனைவிட நாம் மோசம். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். போகட்டும். சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு நாம் தூங்கலாம்.

அடுத்த தடவை டயரைப் பார்க்கும்போது பட்டனை அப்புறம் பாருங்கள். முதலில் குனிந்து தேதியைப் பாருங்கள்.